ஆகஸ்ட் மாதக் கேள்வி

பிரிட்டனில் தேர்தல் நெருங்கிவிட்டால் பள்ளி மண்டபங்களிலும் தேவாலயக் கூடங்களிலும் நாற்காலி போட ஆரம்பித்துவிடுவார்கள். தொகுதியில் நிற்கும் வேட்பாளர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்க, ஊர்க்காரர்கள் கேள்வி கேட்பார்கள். இதற்கு ஹஸ்டிங்ஸ் என்று பெயர். 1872-இல் ரகசிய வாக்குச்சீட்டு வருவதற்கு முன்னால் வேட்பாளர்கள் ஏறி நின்ற மேடையின் பெயர் அது. மேடை போய்விட்டது, பெயர் மட்டும் தங்கிவிட்டது. இப்படிப்பட்ட கூட்டங்களில், அதிலும் பெற்றோர்கள் சேர்ந்து கூட்டும் கூட்டங்களில், கேள்விச் சீட்டுகளை வாங்கி, பிரித்து, அடுக்கி, நேரம் பார்த்து நடத்தித் தருவது என் வேலை. மைக்கை நீட்டுவதும் கடிகாரத்தைப் பார்ப்பதும் ஒரு வேலையா என்று கேட்பவர்கள் உண்டு. பாதி நியாயம்தான். இதில் மண்டையைக் குடையும் முடிவு ஒன்றே ஒன்று: பதில் வந்த பிறகு, கேட்டவரிடமே மறுபடி மைக்கைக் கொடுப்பதா, அடுத்தவரிடம் போவதா? கொடுக்க வேண்டும் என்பதே என் கட்சி. பத்துப் பேர் ஆளுக்கொன்று கேட்பதைவிட ஐந்து பேர் ஆளுக்கிரண்டு கேட்பது மேல். ஏன் என்று சொல்கிறேன்.

அரசியல்வாதி பெற்றோர் முன்னால் வெறுங்கையோடு வந்து உட்காருவதில்லை. உதவியாளர்கள் தயாரித்துக் கொடுத்த கோப்பை வரும் வழியில் காரில் புரட்டியிருப்பார். நர்சரிக் கட்டணம், பக்கத்துப் பள்ளியில் இடம் கிடைக்காதது, சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகள், கைபேசி, சீருடை விலை என்று பெற்றோர் எதையெல்லாம் கேட்பார்கள் என்பது முன்கூட்டியே தெரிந்த விஷயம். ஒவ்வொன்றுக்கும் அரைப் பக்கம் பதில் தயாராக இருக்கும். அந்தப் பதிலின் வார்ப்பு கட்சிக்குக் கட்சி மாறுவதும் இல்லை. முதலில் கேட்டதற்கு நன்றி. அடுத்து 'நானும் ஓர் அப்பாதான்' அல்லது 'நானும் ஓர் அம்மாதான்'. அதன்பின் ஒரு தொகை, ஒரு சதவீதம், எதிர்க்கட்சிமேல் ஒரு குத்து. ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். இதில் பொய் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை; பெரும்பாலும் சரிபார்த்த எண்களாகத்தான் இருக்கும். ஆனால் அவ்வளவையும் வீட்டில் உட்கார்ந்து துண்டறிக்கையிலேயே படித்துக்கொள்ளலாம். கோப்பு எங்கே முடிகிறதோ அங்கேதான் மனிதர் பேசத் தொடங்குகிறார்.

ஓர் உதாரணத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். இங்கிலாந்தில் வேலைக்குப் போகும் பெற்றோரின் 3, 4 வயதுப் பிள்ளைகளுக்கு வாரம் 30 மணி நேரப் பராமரிப்பை அரசு இலவசமாகத் தரும் திட்டம் 2017 செப்டம்பரில் வந்தது. 2024 ஏப்ரலிலிருந்து அது இன்னும் சின்னப் பிள்ளைகளுக்கும் படிப்படியாக விரிந்து, 2025 செப்டம்பரில் 9 மாதக் குழந்தைவரை இறங்கியது. பெரிய திட்டம், குறை சொல்ல நான் வரவில்லை. 'குழந்தைப் பராமரிப்புக்கு என்ன செய்தீர்கள்?' என்று ஒரு தாய் கேட்டால் 'வாரம் 30 மணி நேரம் இலவசம்' என்று பதில் வரும், கைதட்டலும் வரும். ஆனால் விதியைத் திறந்து பார்த்தால் அந்த 30 மணி நேரம் வருடத்தில் 38 வாரங்களுக்குத்தான். பள்ளி நடக்கும் வாரங்கள் அவ்வளவே. முப்பதை முப்பத்தெட்டால் பெருக்கினால் 1,140 மணி நேரம். அதை வருடத்தின் 52 வாரங்களுக்கும் பரப்பினால் வாரத்துக்கு 22 மணி நேரம்கூடத் தேறாது. பெற்றோரின் வேலையோ 38 வாரத்தில் நிற்பதில்லை. சட்டப்படி தொழிலாளிக்குக் கிடைக்கும் சம்பள விடுப்பு 5.6 வாரம். அப்படியானால் 46 வாரத்துக்குக் கொஞ்சம் அதிகமாகவே வேலைக்குப் போயாக வேண்டும். நடுவில் எட்டு வாரம் அந்தரத்தில் தொங்குகிறது. இதைத் தெரிந்து வைத்திருக்கும் தாய் இரண்டாவதாக ஒரே ஒரு சொல்தான் கேட்க வேண்டும்: 'ஆகஸ்டில்?'

அந்தச் சொல் விழுந்ததும் என்ன நடக்கும் என்பதைத்தான் மண்டபத்தில் உள்ளவர்கள் பார்க்க வேண்டும். ஒருவருக்கு 38 வாரக் கணக்கு தெரிந்திருக்கும். 'ஆமாம், அது இடைவெளிதான், பணம் இவ்வளவுதான் இருந்தது, முதலில் பள்ளிக் காலத்தை மூடினோம்' என்பார். இன்னொருவர் மறுபடி முப்பதுக்கே திரும்புவார். மூன்றாமவர் தெரியாது என்று ஒப்புக்கொள்வார். மூன்றுமே வாக்காளருக்குப் பயனுள்ள தகவல்கள். என் கணக்கில் மூன்றாவது ஆள் இரண்டாமவரைவிடப் பல படி மேல். சாப்பாட்டுக் காசிலும் இதே கதைதான். அரசு தரும் பணத்தில் மதிய உணவும் டயப்பரும் சேராது. நர்சரிகள் அதற்குத் தனியாகக் கேட்கலாம், ஆனால் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது விதி. அரசு கொடுக்கும் மணிக்கூலி கட்டுப்படியாகவில்லை, சாப்பாட்டுக் காசை வைத்துத்தான் ஈடுகட்டுகிறோம் என்று நர்சரிக்காரர்கள் சொல்கிறார்கள். 'விருப்பக் கட்டணம் என்கிறீர்களே, விருப்பமில்லை என்று சொன்ன பெற்றோருக்கு இடம் கிடைக்குமா?' இதுவும் இரண்டாவது கேள்விதான். முதல் கேள்வியாகக் கேட்டால் வேட்பாளர் 30 மணி நேரப் பல்லவியைப் பாடி முடிப்பதற்குள் நேரம் போய்விடும்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. நாடாளுமன்றங்களுக்கு எப்போதோ தெரிந்த சங்கதி. தமிழ்நாடு சட்டமன்றக் கேள்வி நேரத்தில் துணை வினா என்ற ஒன்று இருப்பது எதற்கு? அச்சடித்த வினாவுக்கு அச்சடித்த விடை வரும், அதன்பின் உறுப்பினர் எழுந்து கேட்பதில்தான் அமைச்சருக்குத் துறை தெரியுமா என்பது வெளிச்சமாகும். லண்டனில் புதன்கிழமை தோறும் நடக்கும் பிரதமர் கேள்வி நேரத்தில் இது வேடிக்கை அளவுக்கே போயிருக்கிறது. வரிசைத்தாளில் அச்சாகும் கேள்வி 'பிரதமரின் இன்றைய அலுவல்கள் என்ன?' என்பதுதான். அந்தப் பதிலை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. உண்மையான கேள்வி துணை வினாவாக, முன்னறிவிப்பு இல்லாமல் வரும். எதிர்க்கட்சித் தலைவருக்கு ஆறு முறை எழுந்து கேட்கும் உரிமை உண்டு. மூன்றாவது பெரிய கட்சியின் தலைவருக்கு இரண்டு. சாதாரண உறுப்பினருக்கு ஒன்றுதான். அதிகாரத்தை யார் எவ்வளவு உலுக்கலாம் என்பதை அந்த மன்றம் கேள்வி எண்ணிக்கையால் அளந்து வைத்திருக்கிறது. அப்படியிருக்க, பொதுமக்கள் கூட்டத்துக்கு வந்தால் மட்டும் 'ஆளுக்கு ஒன்று' என்பது ஏன் ஜனநாயகமாகத் தெரிகிறது? எனக்கு இது இன்றுவரை விளங்காத விஷயம்.

இந்த நாட்டுத் தொலைக்காட்சி வரலாற்றில் பொதுமக்கள் கேட்ட கேள்விகளில் இன்னும் பேசப்படுவது 1983 மே மாதத்தில் ஒரு பள்ளி ஆசிரியை பிரதமர் மார்கரெட் தாட்சரிடம் கேட்டது. பால்க்லாந்துப் போரில், 1982 மே 2 அன்று, அர்ஜென்டினாவின் பெல்கிரானோ கப்பல் மூழ்கடிக்கப்பட்டு 323 பேர் இறந்தார்கள். பிரிட்டன் அறிவித்திருந்த தடை வளையத்துக்கு வெளியே, தீவுகளை விட்டு விலகிப் போய்க்கொண்டிருந்த கப்பலை ஏன் தாக்கினீர்கள் என்பது அவர் கேள்வி. விலகிப் போகவில்லை என்றார் தாட்சர். அந்த அம்மையார் கப்பல் போன திசையைப் பாகைக் கணக்கில் சொன்னார். பதில் நழுவ நழுவ, விடாமல் அதே இடத்துக்கு இழுத்து வந்தார். முதல் கேள்வியோடு மைக்கை வாங்கியிருந்தால் நாற்பது வருடம் கழித்து அதை நினைவுகூர யாருக்கும் காரணம் இருந்திருக்காது. ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: அடுத்த மாதத் தேர்தலில் தாட்சர் 144 இடப் பெரும்பான்மையோடு ஜெயித்தார். இரண்டாவது கேள்வி ஆட்சியைக் கவிழ்க்கும் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. அது ஒரு விஷயத்தைப் பதிவில் நிறுத்துகிறது. அவ்வளவே.

என் தொழிலுக்கு அதைவிட நெருக்கமானது 2005 தேர்தலில் நடந்த ஒன்று. நோயாளி 48 மணி நேரத்துக்குள் குடும்ப மருத்துவரைப் பார்க்க முடிய வேண்டும் என்று டோனி பிளேர் அரசு இலக்கு வைத்திருந்தது. காகிதத்தில் இலக்கு பிரமாதமாக எட்டப்பட்டிருந்தது. பிபிசியின் குவெஸ்சன் டைம் நிகழ்ச்சியில் ஒரு பெண்மணி எழுந்து, ஒரு வாரம் கழித்து வரச் சொல்லி மருத்துவரே சொன்னாலும் இன்றைக்கே அந்தத் தேதியைப் பதிய முடியவில்லை, 48 மணி நேரத்துக்கு மேற்பட்ட எந்தத் தேதியையும் வரவேற்பு மேசையில் கொடுக்க மறுக்கிறார்கள், அப்படிக் கொடுத்தால் இலக்குக் கணக்கு கெட்டுவிடுமாம் என்றார். பிளேர் திகைத்துப்போனார், இது தனக்குப் புதுச் செய்தி என்றார். அரங்கில் வேறு சிலரும் தங்களுக்கும் இதே கதை என்றார்கள். நாட்டின் பிரதமருக்கு, எட்டு வருட ஆட்சிக்குப் பிறகு, தன் திட்டம் வரவேற்பு மேசையில் என்ன உருவம் எடுத்திருக்கிறது என்று தெரியவில்லை. அவரைச் சுற்றி இருந்தவர்கள் திருடர்கள் என்று அர்த்தமில்லை. மேலே போகும் தாளில் இலக்கும் சதவீதமும் மட்டுமே போகும், மேசையில் நிற்பவர் கண்ட தந்திரம் போகாது. பெற்றோர் கேள்விக்கு உள்ள தனி மதிப்பு இதுதான். பத்திரிகையாளர் கொள்கையைப் படித்திருப்பார். பெற்றோர் வரிசையில் நின்றிருப்பார்.

கொள்கையையும் படித்துவிட்டு வரிசையிலும் நின்ற பெற்றோர் கிடைத்துவிட்டால் கேட்கவே வேண்டாம். 2010 ஏப்ரலில் தெற்கு லண்டனில் கன்சர்வேடிவ் தலைவர் டேவிட் கேமரனைத் தெருவில் மறித்த ஜொனதன் பார்ட்லி, சக்கர நாற்காலியில் இருந்த தன் மகனோடு நின்று, கன்சர்வேடிவ் தேர்தல் அறிக்கையின் ஒரு வரியைக் காட்டினார்: சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளைப் பொதுப் பள்ளியில் சேர்ப்பதற்கு ஆதரவான 'சாய்வை' ஒழிப்போம் என்ற வரி. மகனைப் பொதுப் பள்ளியில் சேர்க்கத் தான் பட்ட பாட்டைச் சொல்லி, எந்தச் சாய்வை ஒழிக்கப் போகிறீர்கள் என்று கேட்டார். பெற்றோரின் தெரிவை மதிப்போம் என்ற ரீதியில் கேமரன் பேச, பார்ட்லி அந்த வரியை விட்டு அசையவில்லை. பின்னாளில் அவர் பசுமைக் கட்சியின் இணைத் தலைவரானார் என்பது வேறு விஷயம். 'சாய்வை நீக்குவோம்' என்ற பேச்சு 2011-இல் அரசு வெளியிட்ட கலந்தாய்வு அறிக்கையிலும் தொடர்ந்தது. 2014-இல் சட்டம் வந்தபோதோ பொதுப் பள்ளிக்கான முன்னுரிமை அப்படியே இருந்தது. ஒரு அப்பாவின் கேள்விதான் அதைக் காத்தது என்று சொன்னால் அது கதை. ஆனால் பொறுப்புக்கு வரப்போகிறவர் தன் அறிக்கையின் ஒரு வரிக்குத் தெருவில் நின்று விளக்கம் தர வேண்டிவந்தது, அதற்கு ஒரு சுற்றுப் பேச்சு போதவில்லை.

சரி, எதிர்வாதங்களுக்கு வருவோம். முதலாவது, ஐந்து பேருக்கு இரண்டு கொடுத்தால் மற்ற ஐந்து பேர் வாய் மூடிப் போக வேண்டுமே என்பது. கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் சீட்டுகளை மேசையில் கொட்டிப் பிரித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அறுபது சீட்டு வந்தால் அதில் இருப்பது ஏழெட்டுக் கேள்விதான். நர்சரிக் கட்டணம் பதினைந்து பேர் கையெழுத்தில் வரும். பதினைந்து பேரையும் எழுப்பினால் வேட்பாளர் அரைப் பக்கப் பதிலைப் பதினைந்து முறை சொல்வார், ஒவ்வொரு முறையும் இன்னும் சரளமாக. பதினைந்து சீட்டிலும் எது ஆழமாக இறங்குகிறதோ அதை எடுத்து, எழுதியவருக்கு இரண்டு வாய்ப்புக் கொடுத்தால் மற்ற பதினாலு பேரின் கேள்வியும் சேர்ந்தே முன்னேறுகிறது. எந்தச் சீட்டு என்று தேர்ந்தெடுக்கும் அதிகாரம் எனக்கு வந்துவிடுகிறது என்பது உண்மை. அதனால்தான் பிரிக்கும்போது பெற்றோர் இருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வது என் வழக்கம்.

இரண்டாவது எதிர்வாதம் இன்னும் கனமானது. ஒரு வீட்டுக் கதையை வைத்து நாட்டுக் கொள்கையைப் பேச முடியுமா? முடியாது, நானும் ஒப்புக்கொள்கிறேன். சீட்டில் எழுதி வரும் கதைகளைப் படித்தால் மனசு கனத்துப்போகும், ஆனால் அதை அப்படியே வாசித்தால் கிடைப்பது ஆறுதல். ஆறுதல் அரசியல்வாதிக்குச் செலவே இல்லாத பதில். முகத்தைச் சுருக்கி, குரலைத் தாழ்த்தி, 'உங்கள் விவரத்தை என் அலுவலகத்தில் கொடுத்துவிட்டுப் போங்கள்' என்பார். கேள்வி அந்த இடத்திலேயே அடக்கமாகிவிடும். ஆகவே சீட்டு எழுதியவரோடு உட்கார்ந்து நான் செய்வது, கதையிலிருந்து பிள்ளையை இறக்கிவிட்டு விதியை ஏற்றுவது. சிறப்புத் தேவையுள்ள பிள்ளைக்கான திட்ட ஆவணத்தை விண்ணப்பித்த 20 வாரத்துக்குள் கவுன்சில் முடித்துக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். நாடு முழுவதும் அண்மை ஆண்டுகளில் பாதியளவே அந்தக் கெடுவுக்குள் முடிகின்றன. 'என் மகனுக்குப் பத்து மாதமாக வரவில்லை' என்றால் ஆறுதல் கிடைக்கும். 'பாதிப் பேருக்குச் சட்டம் மீறப்படுகிறது. தாமதம் பணத்தாலா, கல்வி உளவியலாளர் இல்லாததாலா, நீங்கள் முதலில் எதைச் சரிசெய்வீர்கள்?' என்றால் அலுவலக முகவரியைச் சொல்லித் தப்ப முடியாது. அடுத்து அவர் 'அது கவுன்சில் பொறுப்பு' என்பார். அதற்கும் இரண்டாவது கேள்வி காத்திருக்க வேண்டும்: 'கவுன்சிலுக்குப் பணம் கொடுப்பது யார்?'

பெற்றோர் கூட்டத்தில் தவறாமல் வரும் இன்னொரு வகை, 'உங்கள் பிள்ளைக்கு நீங்கள் என்ன செய்தீர்கள்?' என்பது. இதை நான் பெரும்பாலும் அடுக்கில் கீழே தள்ளிவிடுவேன், பெற்றோர் கோபித்துக்கொண்டாலும் சரி. அந்தக் கேள்வி நேர்மையைச் சோதிப்பதுபோல் தோன்றும், உண்மையில் அரசியல்வாதியை நாடகத்துக்கு அழைக்கிறது. 1990 மே மாதம், பித்துப் பசு நோய்ப் பீதியின்போது, விவசாய அமைச்சர் ஜான் கம்மர் கேமராக்களுக்கு முன்னால் தன் நான்கு வயது மகளுக்குப் பர்கரை ஊட்டப் போனார். ஓர் அப்பாவின் நம்பிக்கையைவிடப் பெரிய சான்று வேறென்ன? 1996 மார்ச் 20 அன்று, மனிதர்களைக் கொல்லும் புதுவகை மூளை நோய்க்கும் அந்த மாட்டிறைச்சிக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று அரசு நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டது. பிரிட்டனில் அந்த நோய்க்குப் பலியானோர் 170-க்கும் மேல். இதன் மறுபக்கம் 2001 டிசம்பரில் நடந்தது. தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் எம்எம்ஆர் தடுப்பூசியை ஆட்டிசத்தோடு முடிச்சுப்போட்ட 1998 கட்டுரையால் பெற்றோர் மிரண்டிருந்த காலம். வெறும் 12 பிள்ளைகளை வைத்து எழுதிய அந்தக் கட்டுரையை லான்செட் இதழ் 2010-இல் திரும்பப் பெற்றது. தன் கைக்குழந்தைக்கு அந்த ஊசி போட்டதா என்று சொல்ல பிளேர் மறுத்தார், குடும்பத்தின் அந்தரங்கம் என்றார். போட்டிருந்தது என்பது பல வருடம் கழித்தே தெரிந்தது. இடையில் இங்கிலாந்தில் ஊசி போடும் விகிதம் சுமார் 80 சதவீதத்துக்கு இறங்கிவிட்டிருந்தது, தேவையோ 95. அவர் மௌனம்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஒருவர் மகளைக் காட்டினார், இன்னொருவர் மகனை மறைத்தார்; இரண்டிலுமே பெற்றோருக்குத் தேவைப்பட்ட பதில் பிள்ளையிடம் இல்லை. ஆய்வு என்ன சொல்கிறது, யார் பார்த்தார்கள், எதில் இன்னும் நிச்சயமில்லை என்று அமைச்சராக இருந்து சொல்ல வேண்டிய பதில் அது.

அற்பக் கேள்விகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2009 அக்டோபரில் பிரதமர் கோர்டன் பிரவுன் தாய்மார்களின் கேள்விகளுக்கு எழுத்தில் பதில் சொன்னபோது, உங்களுக்குப் பிடித்த பிஸ்கட் எது என்று திரும்பத் திரும்பக் கேட்டும் அவர் வாய் திறக்கவில்லை. மறுநாள் பத்திரிகை முழுக்கப் பிஸ்கட்தான். சாக்லேட் கொஞ்சம் இருந்தால் எதுவும் பிடிக்கும் என்று பிறகு பதில் வந்தது. இதைச் சொல்லி, பெற்றோரைக் கேட்கவிட்டால் இப்படித்தான் என்று இன்றும் கிண்டல் செய்கிறார்கள். அந்த இலையுதிர்காலத்தில் பெற்றோர் கொதித்துக்கொண்டிருந்தது குழந்தைப் பராமரிப்பு வவுச்சருக்கான வரிச் சலுகையை நிறுத்தப்போவதாகப் பிரவுன் கட்சி மாநாட்டில் அறிவித்ததைப் பற்றி. டிசம்பருக்குள் அரசு அதில் பாதி இறங்கி வந்தது. பிஸ்கட்டை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு வவுச்சர் நினைவில் இல்லை. அற்பம் எங்கிருந்து வந்தது என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

எனக்கு உண்மையிலேயே பதில் போதாத எதிர்வாதம் ஒன்றுதான்: இரண்டாவது கேள்வி கேட்கத் துணிவும் ஆங்கிலமும் உள்ளவர்களே கேட்பார்கள், மற்றவர்கள் பின்வரிசையில் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருப்பார்கள். இரவுப் பணிக்குப் போகிறவர்கள் வரவே மாட்டார்கள். எம்.பி.யைப் பார்க்கும் நேரத்துக்கு இங்கே சர்ஜரி என்று பெயர். ஊரிலிருந்து வந்த நம்முடைய பெரியம்மாக்களுக்கு அந்தச் சொல்லே போதும், பக்கத்தில் போக மாட்டார்கள். காலையில் பிள்ளையை விட்டுவிட்டு வரும் ஒன்பதரை மணிக்குக் கூட்டத்தை வைப்பது, மண்டபத்தின் மூலையிலேயே குழந்தைகளுக்குப் பாய் விரிப்பது, தமிழிலோ சோமாலியிலோ எழுதின சீட்டை வாங்கிக்கொள்வது என்று சில ஒட்டுவேலைகள் உண்டு. ஓட்டை முழுதாக அடைபடுவதில்லை. ஆனால் ஆளுக்கொரு கேள்வி என்ற முறையிலும் அவர்கள் எழுந்திருப்பதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். துணிவில்லாதவருக்கு வேண்டியது முன்னேற்பாடு.

அந்த முன்னேற்பாடுதான் சீட்டின் பின்பக்கம். கூட்டம் தொடங்குவதற்கு அரை மணி நேரம் முன்னால், தேர்ந்தெடுத்த சீட்டுக்காரர்கள் ஒவ்வொருவரிடமும் போய், 'அவர் என்ன பதில் சொல்வார் என்று நினைக்கிறீர்கள்?' என்று கேட்பேன். எல்லோருக்கும் தெரிந்திருக்கும். அப்படியே சொல்லிக் காட்டுவார்கள், சிலர் குரலோடு. 'அப்படிச் சொன்னால் என்ன கேட்பீர்கள்? அதைப் பின்னால் எழுதுங்கள்.' வேட்பாளர்களுக்கும் ஒளிவு மறைவில்லாமல் முதலிலேயே சொல்லிவிடுவேன், கேட்டவருக்கு மறுமுறை மைக் உண்டு, அதற்கு நாற்பது விநாடி பதில் என்று. என்ன கேள்வி என்று மட்டும் சொல்வதில்லை. எழுதி முடித்த சீட்டைத் திருப்பிப் பார்த்தால் முன்பக்கம் ஆறு வரி, பின்பக்கம் பெரும்பாலும் ஒன்று. ஆறு வரியில் பாதியை அடித்துவிடச் சொல்வேன். பின்பக்கத்தில் கை வைப்பதில்லை. 'ஆகஸ்டில்?' என்பதில் எதை அடிப்பது?